பிரியாணி மாஸ்டரின் பகல் தூக்கம்

போன மாதம் ரம்யா போன் செய்தாள். திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குக் கீழே ஈ.ஈ.ஜி., அதாவது மூளை அலைப் பதிவு, எடுக்கப் பழகியவள். இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறாள். நலம் விசாரிப்பதை அவசர அவசரமாக முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, 'ரெஸ்டிங் ஸ்டேட்'ங்கிறதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? மெஷினுக்குள்ள படுக்கிறவங்ககிட்டச் சொல்லணும். ஓய்வா இருங்கன்னு சொன்னா குறட்டை விட்டுத் தூங்கிடுறாங்க."

"சும்மா இருங்கன்னு சொல்லு."

"சொன்னேன்க்கா. நான் என்ன சேட்டையா பண்ணுனேன்னு ஒரு அண்ணன் சண்டைக்கு வந்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் இதே பாடு பட்டவள்தான். நம் பக்கத்தில் 'சும்மா இரு' என்றால் வாயை மூடு என்று அர்த்தம். 'எதையும் யோசிக்காதீங்க' என்று சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்ன உடனேதான் ஆட்களுக்கு வீட்டுக் கவலை, தோட்டத்துக் கவலை எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். கடைசியில் நானே ஒரு வாக்கியம் கண்டுபிடித்தேன். 'கண்ணை மூடிக்கங்க, தூங்கக் கூடாது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி படுத்திருங்க.' அதற்கும் ஒரு பெரியவர், "எந்த ஊர் பஸ்ஸும்மா? வத்தலக்குண்டு பஸ்ஸுன்னா ஓடித்தான ஏறணும்" என்றார். ஆனாலும் மற்றவர்களுக்கு அது புரிந்தது. ரம்யாவையும் அதையே சொல்லச் சொன்னேன்.

பிறகு அவள் தன் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மனிதன் எதுவும் செய்யாமல் படுத்திருக்கும்போதும் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பு வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன, இப்போது ஸ்கேனிலேயே அதைப் பார்க்கிறார்கள் என்றாள். "ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கூடுனா அந்தத் தொடர்பு தளர்ந்துபோகுமாம்க்கா. ரத்தக் குழாயும் விரியுமாம், ஸ்கேன் ரத்த ஓட்டத்தைத்தான பாக்குது, அதனால ஸ்கேனே நம்மள ஏமாத்தவும் செய்யுமாம். நீங்க இதெல்லாம் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"கேள்விப்பட்டதில்லடி. பார்த்திருக்கேன்."

அவளுக்குப் போனில் பாதிதான் சொன்னேன். முழுதையும் எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாணார்பட்டிப் பக்கம். மதுரையில் டெக்னீசியன் படிப்பு படித்துவிட்டு, திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே ஈ.ஈ.ஜி. அறையிலேயே ஓய்வு பெற்றேன். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் வந்தவர்கள் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

இந்த வேலையில் பாதி, தலையோடு மல்லுக்கட்டுவதுதான். டேப் வைத்து மண்டையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து, ஒவ்வொரு வயராக ஒட்ட வேண்டும். எண்ணெய் இருந்தால் ஒட்டாது. அதனால் முந்தின நாளே 'தலைக்குக் குளிச்சிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்புவோம். நம் ஊரில் தலைக்குக் குளிப்பது என்றால் சும்மாவா? நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியிலிருந்து வழிய வழியத் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்து, சாம்பிராணிப் புகையும் காட்டி, மணக்க மணக்க வந்து நிற்பார்கள். "நீங்க சொன்னபடியே செஞ்சுட்டோம் சிஸ்டர்." என்ன சொல்ல முடியும்? ஷாம்பு பாக்கெட்டைக் கையில் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்புவேன். பிறகு 'எண்ணெய் தொடாம, சோப்புப் போட்டு' என்று சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

எங்கள் நரம்பியல் டாக்டருக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடும் அந்த ஊர் மரியாதை அவர் வாயிலிருந்து ஒருநாளும் இறங்கியதில்லை. அதுதான் பயம். கோபம் ஏற ஏற 'ங்க'வும் கூடும். ஒருமுறை பதிவு முழுக்க மின்விசிறியின் இரைச்சல் ஏறிவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்கம்மா, இது இவருடைய மூளைங்களா, இல்லை நம்ம ஃபேனுடைய மூளைங்களா?" திட்டியிருந்தால்கூட இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

அவர் உட்கார்ந்து பதிவு பார்த்து நான் கண்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்றபடி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்ப்பார். நடுவில் யார் பேசினாலும் காதில் விழாது. முடித்ததும் என்னிடம் ஒரே கேள்வி: "முழிச்சிருந்தாருங்களா, தூங்கினாருங்களா?" தூங்குகிறவர் மூளையில் அலைகள் பெரிதாகவும் மெதுவாகவும் வரும். அது இயல்பு. விழித்திருக்கிறவரிடம் அதே அலை வந்தால் ஏதோ கோளாறு. பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். 'தெரியல சார்' என்று சொன்னால் போச்சு. "பரவாயில்லீங்க, மறுபடி எடுத்துருங்க" என்பார்.

மாஸ்டரை அழைத்து வந்தது ஒரு மழைக்காலத்தில். பேகம்பூர்க்காரர். கல்யாண வீடுகளுக்கு விறகு அடுப்பில் தேக்சா எனும் பெரிய பாத்திரம் ஏற்றிப் பிரியாணி ஆக்குகிறவர். வாழ்நாள் முழுக்கப் புகை குடித்த நெஞ்சு கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, பின்னால் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் குழாய். தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. கூட மனைவி, மகன் சாதிக், இளைய மகள் நஸ்ரின். டாக்டர் எழுதியிருந்த காரணம்: மறதி, பகலில் தூக்கம், பேச்சில் குழப்பம்.

நான் தலையை அளந்துகொண்டிருந்தபோது சாதிக் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னான். "சிஸ்டர், அத்தாவுக்குப் புத்தி மாறிப்போச்சு. போன வாரம் அம்மாவைப் பாத்து யாரு நீன்னு கேட்டாரு. உப்புப் போட்டாச்சான்னு சுவத்தப் பாத்துக் கேக்குறாரு. தங்கச்சிக்கு நிக்காஹ் வருது. டாக்டர் ஒரு வார்த்தை, இவருக்கு மறதி நோய்தான்னு சொல்லிட்டா, சபையில பேச எனக்கு வராது, அத்தாவோட அண்ணன் பெரியத்தாவை வச்சு நடத்திக்குவோம்."

அதற்கு நஸ்ரின் சட்டென்று திரும்பினாள். "பெரியத்தா வேணாம். அத்தாதான் வலியா உக்காரணும்."

எனக்குப் பாவமாக இருந்தது. "வலியோட எதுக்கும்மா உக்காரணும்? எங்க வலிக்குது அவருக்கு, தலையிலயா?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து முழித்தது. பிறகு சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மாஸ்டரின் மனைவிதான் விளக்கினார். அவர்கள் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பொறுப்பாளராக ஒருவர் சபையில் உட்கார்ந்து, இந்தப் பெண்ணை உங்களுக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவருக்குப் பெயர்தான் வலி. தகப்பன் இருந்தால் தகப்பன். ஆனால் சொல்கிறவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து மாஸ்டரைப் பார்த்துவிட்டு, இவர் நிலைமை இப்படி இருக்கிறதே, வலி யார் என்று கேட்டுப் போயிருக்கிறார்கள்.

"அக்காங்க ரெண்டு பேருக்கும் அத்தாதான் சொன்னாரு" என்றாள் நஸ்ரின். "எனக்கு மட்டும் அவரை ரூம்ல உக்கார வச்சிட்டு வேற ஆளு சொல்லுவாங்களா?"

சாதிக் கையை விரித்தான். "சபையில உக்கார வச்சு அவரு தூங்கி விழுந்துட்டா என்ன செய்ய? ஊரே பாக்கும். இம்புட்டு நாளும் மானமா இருந்த மனுசன். அந்தக் கேவலம் அவருக்கு வேணாம்னுதான சொல்றேன்."

அவன் சொன்னதும் தப்பில்லை. இருந்தாலும் தகப்பன் தலையில் நான் வயர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மேலே இந்தப் பேச்சு ஓடியது எனக்குப் பொறுக்கவில்லை. "செத்த நேரம் எல்லாரும் வெளிய இருங்க" என்று அனுப்பிவிட்டேன். சாதிக் மட்டும் சிலிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

விளக்கை அணைத்துப் பதிவைத் தொடங்கினேன். நல்ல விழிப்பில் இருக்கிறவர் கண்ணை மூடினால், பின்மண்டைப் பக்கம் ஒரு சீரான அலை எழும்பும். கண்ணைத் திறந்தால் மறைந்துவிடும். கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல அத்தனை ஒழுங்காக இருக்கும். பார்த்துப் பார்த்துச் சலிக்காத ஒன்று என் வேலையில் உண்டென்றால் அது அதுதான். மாஸ்டரிடம் அது வரவே இல்லை. மண்டை முழுக்கப் பெரிய, சோம்பலான அலைகள் உருண்டுகொண்டிருந்தன. ஆள் லேசாகக் குறட்டை விட்டார்.

"நல்லா அசந்து தூங்குறாரு" என்றான் சாதிக், நிம்மதியாக. "வீட்லயும் இப்படித்தான். இந்தக் காத்து வச்சதுல இருந்து நிம்மதியாத் தூங்குறாரு."

டாக்டர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். தூங்குவது போலத்தான் இருக்கிறது, ஆனால் சுத்தமான தூக்கமாகத் தெரியவில்லை என்றேன். தூக்கத்தில் வர வேண்டிய மற்ற அடையாளங்கள் எதையும் நான் காணவில்லை.

"அப்ப எழுப்புங்க. எழுப்பிப் பேச வைங்க. பதிவு ஓடட்டும்."

தோளைத் தட்டினேன். அசையவில்லை. காதருகே குனிந்து, "மாஸ்டர், பிரியாணிக்கு என்ன அரிசி போடுவீங்க?" என்று உரக்கக் கேட்டேன்.

கண் திறந்தது. "சீரகச் சம்பா" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "ஊற வச்சாச்சா?" என்று என்னையே கேட்டார். அப்புறம் வாய்க்குள் ஏதோ முனகினார்.

திரையைப் பார்த்தேன். கண் திறந்திருக்கிறது, வாய் பேசுகிறது, அலை மட்டும் அப்படியே உருண்டுகொண்டிருக்கிறது. விழித்த மனிதனும் தூங்கும் மூளையும் ஒரே கட்டிலில்.

டாக்டர் அப்போதுதான் திரையை விட்டு நோயாளியிடம் வந்தார். மாஸ்டரின் கைகளை முன்னால் நீட்டி, மணிக்கட்டை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த கைகள் தொப் தொப்பென்று விழுந்து விழுந்து எழுந்தன. உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். மாஸ்டரின் மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, காலையில எந்திரிச்சா தலைவலின்னு சொல்லுவாருங்களா?"

"ஆமா டாக்டர். விடிஞ்சா தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. வெயிலேற ஏறக் கொஞ்சம் பரவால்லம்பாரு."

பிறகு அவர் குனிந்து சிலிண்டரின் திருகைப் பார்த்தார். நிமிரும்போது முகம் மாறியிருந்தது. "யாருங்க இதை இத்தனை திறந்து வச்சதுங்க?"

எத்தனை 'ங்க' என்று நான் கவனித்தேன்.

"நான்தான் டாக்டர்" என்றான் சாதிக். "மூச்சு வாங்குதுன்னு சொன்னாரு. கூட்டி வச்சேன். காத்து ஜாஸ்தியாப் போனா நல்லதுதான?"

நம் ஆட்களுக்கு இது பழகிய கணக்கு. குளுக்கோஸ் ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு, இரண்டு ஏற்றினால் இரட்டைத் தெம்பு. ஆக்ஸிஜனையும் அப்படித்தான் நினைக்கிறார்கள். டாக்டர் திருகைக் குறைக்கத் தொடங்கினார். சாதிக் பதறிப்போய், "அப்ப இதனாலயா?" என்று முழுக்க மூடப் போனான். டாக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுக்க அடைச்சா அது வேற வம்புங்க. அவருக்கு ஆக்ஸிஜன் வேணும். அளவா வேணும்." விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி, அதைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். அப்புறம்தான் விளக்கினார். "உங்க சமையக்கட்டுல புகைபோக்கி அடைச்சுக்கிச்சுன்னு வைங்க. அடுப்பை எத்தனை நல்லா எரிய விட்டாலும் என்னங்க ஆகும்? இவருக்கு உள்ள போறது மட்டும் பிரச்சினை இல்லீங்க. கழிவுக் காத்து வெளிய போக மாட்டேங்குது. இந்த மாதிரி நுரையீரலுக்கு ஆக்ஸிஜனை அளவில்லாமக் கொடுத்தா அந்தக் கழிவு இன்னும் தேங்கும். அது ரத்தத்துல ஏறி மூளையை மயக்கி வச்சிருக்குது. கை விழுறது, காலையில தலைவலி எல்லாம் அதனாலதானுங்க. இது தூக்கம் இல்லீங்க."

சாதிக் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டான். "நல்லாத் தூங்குறாருன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேனே" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர் அவன் முதுகில் தட்டினார். "மூச்சு வாங்குறவருக்குக் காத்தைக் கூட்டி வைக்கத்தான் யாருக்கும் தோணும்ங்க" என்றார். அவர் யாரையும் அப்படித் தட்டிக்கொடுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மணிக்கட்டு ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். அந்தக் கழிவுக் காற்று, கார்பன் டை ஆக்சைடு, எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, முகத்தில் இறுக்கமான முகமூடி போட்டு, மூச்சை உள்ளே தள்ளி வெளியே வாங்க உதவும் மெஷினில் இணைத்தார்கள். தாங்குவாரா என்று முதல் நாள் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. முகமூடியை ஓயாமல் பிய்த்து எறிந்தார். மகள்தான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அத்தா, இத மாட்டிக்கிட்டாத்தான் என் நிக்காஹ்ல நீங்க பேச முடியும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எவ்வளவு காதில் ஏறியதோ, மெல்ல மெல்ல முகமூடியைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

சில நாட்கள் கழித்து மறுபடி என் அறைக்கு வந்தார். இந்த முறை நாற்காலியிலிருந்து தானே இறங்கிப் படுத்தார். பசை வைக்கும்போது, "என்னம்மா, தலைக்கு மசாலா தடவுறியா?" என்றார். எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. கண்ணை மூடச் சொன்னேன். திரையில் பின்மண்டை வரிசையில் அந்தச் சீரான அலை எழும்பியது. கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. திறக்கச் சொன்னேன், மறைந்தது. மூடச் சொன்னேன், வந்தது. தேவையில்லாமல் இன்னொரு தடவையும் மூடித் திறக்கச் சொன்னேன். என் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டாக்டர் நின்றபடி முழுதும் பார்த்தார். சாதிக் வாசலில் நின்றான். "டாக்டர், மறதி நோய்..." என்று இழுத்தான்.

"இந்த வயசுக்கு உள்ள மறதி இருக்கும்ங்க, எனக்கும் இருக்குது. இவரு வலியா உக்காரலாம்." அந்த வார்த்தையை அவர் சரியாகத்தான் சொன்னார். என்னைத் தவிர எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது போலும். "ஆனா தினமும் முகமூடி போட்டுத்தான் தூங்கணும். திருகை யாரும் தொடக் கூடாது. மறுபடி பகல் தூக்கம் வந்தா நிம்மதின்னு நினைக்காதீங்க, தூக்கிட்டு ஓடி வாங்க."

நிக்காஹ்வுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. மண்டபத்தில் பெண்கள் பகுதி தனி. நஸ்ரினுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். ஆண்கள் பக்கம் நடப்பது மைக்கில் கேட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. வெளியே ஒரு வரிசையில் தேக்சாக்கள் வெந்துகொண்டிருந்தன. அன்று சமைத்தது வேறு ஆள்.

நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத் ஓதி முடித்து, வலி சொல்லலாம் என்றார். மைக்கில் மாஸ்டரின் குரல் வந்தது. "என்னுடைய மகள் நஸ்ரினை..." அங்கே நின்றுவிட்டது.

இழுக்கும் மூச்சு மட்டும் மைக்கில் கரகரவென்று வந்தது. பெண்கள் பகுதியில் ஒரு பெண் 'மறந்துட்டாரு போல' என்று முணுமுணுத்தாள். நஸ்ரின் என் கையை இறுக்கினாள். பிறகு சாதிக் குரல், அடக்கிச் சொன்னாலும் மைக்கில் விழுந்துவிட்டது: "மாப்பிள்ளைக்கு, அத்தா... மணமுடிச்சு..."

"இருடா" என்றார் மாஸ்டர், ஊருக்கே கேட்க. "மறக்கலடா. மூச்சு வாங்கிக்கிறேன்."

வாங்கிக்கொண்டு, மீதியைச் சொன்னார்.